மாவட்ட உமிழ்வுக் குறைப்புத் திட்டம் தயாரிப்பது எப்படி: டெல்டா மாவட்டத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022-ல் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஒரு காலநிலை இயக்கம் இருக்கிறது. மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். அங்கே பணியில் சேரும் இளைஞர்களுக்கும், கணக்கெடுப்பில் உதவ வரும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எழுதியது இது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் போன்ற டெல்டா மாவட்டம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நெல், மாடு, பம்புசெட், பேருந்து, குப்பைக் கிடங்கு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் புவியைச் சூடாக்கும் முக்கிய வாயுக்கள் எல்லாம் கணக்கில் வரும். வேறு மாவட்டமானால் அளவுகள் மாறும், படிகளின் வரிசை மாறாது.

1. முதலில் முடிவு, அப்புறம் கணக்கு

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எக்செல் கோப்பைத் திறந்துகொண்டுதான் உட்கார்கிறார்கள். பல மாதம் தரவு திரட்டி, கடைசியில் வட்ட வரைபடம் ஒன்றைப் போட்டு, "போக்குவரத்தின் பங்கு இவ்வளவு" என்று எழுதி முடிக்கிறார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆட்சியர் எந்தக் கோப்பில் கையெழுத்திடுவார்? ஒன்றிலும் இல்லை.

ஆகவே முதல் வேலை, ஒரே ஒரு பக்கம். மாவட்ட அளவில் அடுத்த ஐந்தாண்டுகளில் எடுக்கப்படவிருக்கும் முடிவுகளை எழுதுங்கள்: குப்பைக் கிடங்கை விரிவாக்குவதா, மக்கும் குப்பையை அந்தந்த ஊரிலேயே உரமாக்குவதா? எந்த வட்டாரத்தில் சூரிய பம்புசெட்டுக்கு முன்னுரிமை? வேளாண் துறையின் செயல்விளக்கத் திடல்கள் எங்கே? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் கையெழுத்திடுவார், எப்போது, எந்த எண் தெரிந்தால் அவர் முடிவு மாறும் என்று குறியுங்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். எந்த எண் வந்தாலும் முடிவு மாறாது என்றால், அந்த எண்ணைத் துல்லியமாக்க நேரம் செலவழிக்க வேண்டாம். அனல் மின்நிலையத்தை மூடுவது போன்றவை மாவட்டத்தின் கையில் இல்லை. அவற்றைத் தனித்தாளில் "மாநில அரசுக்கான பரிந்துரை" என்று வைத்துவிடுங்கள். திட்டத்தோடு கலந்தால், செய்ய முடிந்ததும் முடியாததும் ஒரே பட்டியலில் கிடந்து இரண்டுமே நடக்காமல் போகும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஆட்சியர் கையொப்பத்துடன் தரவு கேட்கும் கடிதம் இல்லாமல் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். கடிதத்தில் "மாதவாரியாக, கடைசி ஐந்து ஆண்டுகளுக்கு" என்று தெளிவாக எழுதுங்கள். ஆண்டு மொத்தம் மட்டும் வந்தால் தவறைக் கண்டுபிடிக்க வழியில்லை.

வேண்டியவை: மின்வாரியத்திலிருந்து வகைவாரியான மின் நுகர்வு, எண்ணெய் நிறுவனங்களிலிருந்து பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு விற்பனை, கால்நடைக் கணக்கெடுப்பு, உள்ளாட்சிகளின் குப்பை எடைப் பதிவு, கிராம நிர்வாக அலுவலர்களின் பயிர்ப் பதிவேடான அடங்கலிலிருந்து தொகுத்த பயிர்ப் பரப்பு, உர விற்பனை.

தரவு வந்ததும் அது எந்த "ஆண்டு" என்று பாருங்கள். மின்வாரியம் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைக்கும். வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். நீங்கள் வெளியிடப்போவது நாட்காட்டி ஆண்டாக இருக்கலாம். மூன்றையும் பார்க்காமல் கூட்டினால் ஒரு குறுவை நெற்பருவம் இரண்டு முறை கணக்கில் ஏறும், அல்லது ஏறாமலே போகும். மாதவாரித் தரவு கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். விவசாய பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது, மின்சாரம் இலவசம். அதனால் விவசாய மின்சாரம் என்று வரும் எண் அளந்தது அல்ல, மதிப்பிட்டது. அடுத்தது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவு எண்ணிக்கையில் என்றோ காயலாங்கடைக்குப் போன வண்டிகளும் இருக்கும். வண்டி எண்ணிக்கையிலிருந்து எரிபொருளைக் கணக்கிடாதீர்கள். எரிபொருள் விற்பனையிலிருந்து தொடங்குங்கள்.

3. எல்லையும் அடிப்படை ஆண்டும்

ஊர், நகர அளவிலான கணக்குக்கு உலகெங்கும் பயன்படும் நெறிமுறை மூன்று வளையங்களைச் சொல்கிறது: எல்லைக்குள்ளேயே வெளியேறுவது, எல்லைக்குள் பயன்படும் மின்சாரத்துக்காக வேறிடத்தில் வெளியேறுவது, மற்றபடி வெளியே நடப்பது. முதல் இரண்டையும் முழுமையாக எடுங்கள். மாவட்டத்துக்குள் மின்நிலையம் இருந்தால், அதன் உமிழ்வையும் மக்கள் பயன்படுத்தும் மின்சாரத்தின் உமிழ்வையும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்க்கக் கூடாது. அது இரட்டைக் கணக்கு.

எரிபொருளிலும் எல்லைச் சிக்கல் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் விலை குறைவாக இருக்கும் காலத்தில் அங்கே போய் நிரப்பிக்கொண்டு வருவோர் நாகை, திருவாரூர் பக்கம் நிறைய. அந்த லிட்டர்கள் உங்கள் மாவட்ட விற்பனையில் தெரியாது. சரிசெய்ய முடியாவிட்டாலும், குறிப்பாக எழுதியே ஆக வேண்டும். நாளை விலை வித்தியாசம் மறைந்தால் உங்கள் மாவட்ட உமிழ்வு திடீரென்று கூடியதுபோல் தோன்றும்.

அடிப்படை ஆண்டை, அதாவது பின்வரும் ஆண்டுகளை எதோடு ஒப்பிடப்போகிறோமோ அந்த ஆண்டை, தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். 2020-21 ஊரடங்கு ஆண்டு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62% குறைந்தது. நெற்பரப்பு சுருங்கிய அப்படியொரு ஆண்டை அடிப்படையாக்கினால், மழை பெய்ததே உமிழ்வு உயர்வாகப் பதிவாகும். வேளாண்மைக்கு மூன்றாண்டுச் சராசரி எடுங்கள், மற்றவற்றுக்கு இயல்பான ஓர் ஆண்டு போதும்.

4. கணக்கு: பெரியது முதலில்

முதல் சுற்றில் எல்லாவற்றையும் பொதுக் காரணிகளை (ஒரு லிட்டருக்கு, ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு உமிழ்வு என்ற எண்களை) வைத்துத் தோராயமாகப் போடுங்கள். எது பெரியது என்று தெரிந்த பிறகே நுணுக்கத்துக்குப் போங்கள். மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட வராத துறைக்கு நுண்ணளவீடு செய்துகொண்டிருப்பவர்கள், நெற்பயிரின் நீர் நிலையைக் கேட்காமல் விட்டிருப்பார்கள்.

எரிபொருள் எளிது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, டீசலுக்குச் சுமார் 2.65 கிலோ, 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 42 கிலோ. மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் காரணியை எடுங்கள். அண்மை ஆண்டுகளில் அது யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, "கார்பன்" என்று தரப்பட்ட எண்ணைக் கரியமில வாயு என்று எடுத்துக்கொள்வது. 12 டன் கார்பன் எரிந்தால் 44 டன் கரியமில வாயு. இரண்டையும் குழப்பினால் விடை கிட்டத்தட்ட நான்கு மடங்கு பிசகும்.

நெல்லுக்கு ஐபிசிசியின் (ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு) 2019 திருத்த வழிகாட்டி, தெற்காசியாவுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்ற அடிப்படை அளவைத் தருகிறது. இது வயலில் தொடர்ந்து நீர் நிற்கும் நிலைக்கு உரியது. 112 நாள் பயிருக்குச் சுமார் 95 கிலோ. பருவத்தில் பலமுறை நீர் வடிந்தால் இதை 0.55-ஆல் பெருக்க வேண்டும், அப்போது சுமார் 52 கிலோ. ஆகவே பரப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் போதாது. எந்தப் பருவம், எந்தப் பாசனம், எத்தனை முறை வயல் காய்ந்தது என்று வட்டார வேளாண் அலுவலர்களிடம் கேட்டுப் பிரியுங்கள். முந்தைய பயிரின் வைக்கோலை மடக்கி உழுது உடனே நீர் கட்டிய வயலில் மீத்தேன் இன்னும் கூடும்.

குப்பையில் ஈரக் குப்பைதான் விஷயம். ஒரு டன் உணவுக் கழிவு, ஆழமாகக் குவித்த கிடங்கில் காற்றுப் படாமல் அழுகினால், மொத்தமாகச் சுமார் 40 கிலோ மீத்தேன் தரும். அதையே முறையாக உரமாக்கினால் சுமார் 4 கிலோ. மழை மிகுந்த வெப்பப் பகுதியில் உணவுக் கழிவு சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் அழுகி முடிந்துவிடும் என்பதால், இன்று பிரிக்கத் தொடங்கினால் பலன் விரைவில் தெரியும். ஆனால் இன்று வெளியேறும் மீத்தேன் முந்தைய ஆண்டுகளில் கொட்டிய குப்பையிலிருந்தும் வருவது. பழைய கொட்டல் பதிவு இல்லாமல் நடப்பாண்டின் குப்பையை மட்டும் பெருக்கிப் போடாதீர்கள்.

5. மீத்தேனைத் தனி வரிசையில் வையுங்கள்

எல்லா வாயுவையும் கரியமில வாயுவுக்கு நிகராக மாற்றி ஒரே எண்ணாகக் கூட்டுவது வழக்கம். கூட்டலாம், ஆனால் கூட்டுமுன் உள்ள வரிசைகளையும் கட்டாயம் அச்சிடுங்கள்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். மொத்தம் எவ்வளவு வெளியேற்றினோம் என்பதே வெப்பத்தைத் தீர்மானிக்கிறது: ஒவ்வொரு 1,000 பில்லியன் டன்னுக்கும் சுமார் 0.45 டிகிரி. மீத்தேனோ ஏறத்தாழ 12 ஆண்டுகளில் காற்றில் சிதைந்துவிடும். அதைக் குறைத்தால் வெப்பம் விரைவில் தணியும். ஆனால் மீத்தேனைக் குறைத்தோம் என்று சொல்லி டீசலைத் தொடர்ந்தால், சேர்ந்த கரியமில வாயு அங்கேயே இருக்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மாற்றும் பெருக்குத் தொகையும் காலத்தைப் பொறுத்தது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் 28 மடங்கு என்பது ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கை. இருபதாண்டுக் கணக்கில் அது 80-ஐ ஒட்டி வரும். பழைய ஆவணங்களில் 21, 25 என்றும் இருக்கும். எதை எடுத்தாலும் சரி, முதல் ஆண்டு முதல் கடைசி ஆண்டு வரை ஒன்றையே வைத்துக்கொண்டு அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள். பழைய அறிக்கையின் 21-ஐயும் புதிய அறிக்கையின் 28-ஐயும் அருகருகே வைத்து "மாடுகளின் மீத்தேன் உமிழ்வு மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது" என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. மாடு ஒன்றுகூடக் கூடியிருக்காது.

6. இலக்கு: அறிவியல் எங்கே நிற்கிறது

ஐபிசிசி அறிக்கையில் "2019 அளவிலிருந்து 2030-க்குள் 43% குறைவு" என்று இருக்கிறது. அந்த 43-ஐ அப்படியே எடுத்து மாவட்ட இலக்காக எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது உலகம் முழுவதற்குமான மாதிரிக் கணக்குகளின் நடு மதிப்பு. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் பாதைகளில் உலகம் எவ்வளவு குறைக்கிறது என்று அது சொல்கிறது. அதில் திருவாரூரின் பங்கு எவ்வளவு, அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டின் பங்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அது நியாயம் பற்றிய கேள்வி.

அதனால் அறிக்கையில் இரண்டு பத்திகளைப் பிரித்து எழுதுங்கள். முதல் பத்தி அறிவியல்: 2020-ன் தொடக்கத்திலிருந்து உலகம் வெளியேற்றும் கரியமில வாயு மொத்தம் 500 பில்லியன் டன்னுக்குள் நின்றால் 1.5 டிகிரியில் நிற்க 50% வாய்ப்பு. உலகம் ஆண்டுக்குச் சுமார் 40 பில்லியன் டன் வெளியேற்றுகிறது. இரண்டாம் பத்தி தேர்வு: தலைக்கு இவ்வளவு என்று பங்கிடுகிறோமா, இந்தியாவின் 2070 நிகரப் பூஜ்ய இலக்கைப் பின்பற்றுகிறோமா, சென்னைபோல் 2050 என்கிறோமா? அதைத் தேர்ந்தெடுத்தவர் யார், ஏன் என்றும் எழுதுங்கள். தேர்வை அறிவியலாக வேடமிட்டுக் காட்டினால், கேள்வி கேட்பவர் ஒருவர் வந்ததும் அறிவியலும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இறுதி ஆண்டு மட்டும் இலக்காகாது. ஆண்டுக்கு 10 லட்சம் டன்னிலிருந்து 25 ஆண்டுகளில் சீராகப் பூஜ்யத்துக்கு வந்தால் மொத்தம் 125 லட்சம் டன். பத்தாண்டு சும்மா இருந்துவிட்டு அடுத்த பதினைந்தில் இறங்கினால் 175 லட்சம் டன். இரண்டு திட்டத்திலும் இறுதி ஆண்டு ஒன்றே, வெப்பம் ஒன்றல்ல. ஆகவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தாண்டக் கூடாத கூட்டுத்தொகையையும் இலக்கில் எழுதுங்கள்.

7. நடவடிக்கைகள்: காகித டன்னும் வயல் டன்னும்

இந்தப் படிதான் மிக நீளமானது. அதிக நேரத்தை இங்கேயே ஒதுக்குங்கள்.

நெல் வயலை விட்டுவிட்டுக் காயவிட்டு நீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை எடுத்துக்கொள்வோம். மேலே உள்ள எண்களின்படி ஹெக்டேருக்கு 43 கிலோ மீத்தேன் மிச்சம், அதாவது 1.2 டன் கரியமில வாயு நிகர். வயல் காயும்போது, புவியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடும். ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து இட்டால் அந்தக் கூடுதல் சுமார் 0.12 டன். கழித்தாலும் ஆதாயம் ஒரு டன்னுக்கு மேல். இதுவரை அறிவியல். ஒரு லட்சம் ஹெக்டேரால் பெருக்கி "ஒரு லட்சம் டன் குறையும்" என்று எழுதிவிடத் தோன்றும்.

இப்போது வயலுக்கு வாருங்கள். சம்பா, தாளடி நெற்பயிர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் நிற்கின்றன. வடிகாலே நிரம்பி வழியும்போது எந்த விவசாயி வயலைக் காயவைப்பார்? வாய்க்கால் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் வரும் இடத்தில், வந்த நீரை விட்டுவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கும் துணிச்சல் யாருக்கும் வராது. கடைமடையில் கேட்கவே வேண்டாம். மிஞ்சுவது, சொந்த ஆழ்துளைக் கிணற்றில் குறுவை போடுபவர்கள். தன் தண்ணீரைத் தானே திறந்து மூட முடிகிற வயல் அது.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, அப்படிப்பட்ட நிலம் மொத்தத்தில் 20%, அதில் பாதிப் பேர் ஏற்கிறார்கள் என்று வைத்தால், ஒரு லட்சம் டன் பத்தாயிரமாகச் சுருங்கும். அந்தப் பத்தாயிரத்தைத்தான் திட்டத்தில் எழுத வேண்டும். அது நடக்கும் எண். மீதித் தொண்ணூறாயிரத்தைத் தடுப்பது எது என்று பக்கத்தில் எழுதினால் அதுவே அடுத்த கொள்கை ஆகும்: வடிகால் சீரமைப்பு, வாய்க்கால் முறைவைப்பை முன்கூட்டியே உறுதியாக அறிவிப்பது.

விவசாயியிடம் பேசும்போது "மின்சாரம் மிச்சம்" என்று தொடங்காதீர்கள், மின்சாரம் அவருக்கு இலவசம். வயலில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர்மட்டம் தரைக்கு 15 செ.மீ. கீழே போகும்வரை பயிர் வாடாமல் நிற்பதைக் காட்டுங்கள். பூக்கும் பருவத்தில் நீர் நிற்க வேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அங்கே காயவிட்டு மகசூல் போனால் அந்த ஊரில் இந்த முறையை மறுபடி யாரும் தொடமாட்டார்கள்.

மின் வாகனங்களில் வேறு வகைத் தவறு. லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் டீசல் பேருந்து கிலோமீட்டருக்கு 0.53 கிலோ வெளியேற்றும். கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் எடுக்கும் மின் பேருந்து இன்றைய மின்தொகுப்பில் (எல்லா மின்நிலையங்களும் இணைந்த கட்டமைப்பில்) 0.7 கிலோ. இன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் மின் பேருந்து வேண்டாம் என்றாகும். ஆனால் பேருந்து பல ஆண்டுகள் ஓடும், அதற்குள் மின்தொகுப்பில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடும். வாழ்நாள் முழுவதற்கும் கணக்கிட்டு, பணிமனைக் கூரையில் சூரியத் தகடு சேர்த்தால் என்ன ஆகும் என்பதையும் காட்டுங்கள். இருசக்கர வண்டியில் இந்தச் சிக்கலே இல்லை. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் பெட்ரோல் வண்டிக்கு 46 கிராம், கிலோமீட்டருக்கு 0.03 யூனிட் எடுக்கும் மின் வண்டிக்கு 21 கிராம். பணம் குறைவாக இருந்தால் சார்ஜிங் வசதியை முதலில் எங்கே போடுவது என்பதற்கு இதுவே விடை.

மாடுகளைப் பற்றி நேராகவே சொல்கிறேன். நிலமற்ற குடும்பத்தின் ஒரே கறவையைக் குறைக்கச் சொல்லும் திட்டத்தை எழுதாதீர்கள். சாண எரிவாயுவைப் பரிந்துரைக்கும் முன், சாணம் இப்போது எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். வெயிலில் காயும் வறட்டியிலும் எருக்குழியிலும் மீத்தேன் ஏற்கெனவே குறைவு. கசியும் கலன் அதைக் கூட்டிவிடும். விறகு குறைவது, பெண்களின் உழைப்பும் புகையும் குறைவது ஆகியவை அந்தத் திட்டத்துக்கு நல்ல காரணங்கள். அவற்றைச் சொல்லியே பரிந்துரையுங்கள்.

8. மரங்களைக் கழித்துக் காட்டாதீர்கள்

நட்ட மரங்கள் உறிஞ்சியதைக் கழித்து "நிகர உமிழ்வு" என்று ஒரே எண் போடுவது மிகவும் ஈர்க்கும் வழி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியபோது டெல்டாவில் சாய்ந்த தென்னைகளை நினைத்துக்கொள்ளுங்கள். டீசலிலிருந்து போன கரியமில வாயு நூற்றாண்டுகள் நிற்கும், மரம் ஓர் இரவில் சாயலாம்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளைக் காப்பதற்குக் கடலரிப்பு, மீன்வளம், புயல் தடுப்பு என்று வலுவான காரணங்கள் இருக்கின்றன. உறிஞ்சும் அளவைத் தனி அட்டவணையில் காட்டுங்கள், உமிழ்விலிருந்து கழிக்காமல்.

9. நிச்சயமின்மையை முடிவோடு கட்டுங்கள்

தெற்காசிய நெல்லுக்கான 0.85 என்பது உண்மையில் 0.58 முதல் 1.26 வரையான வீச்சின் நடு. இப்படிப்பட்ட வீச்சைப் பின்னிணைப்பில் புதைக்க வேண்டாம். குறைந்த மதிப்பையும் கூடிய மதிப்பையும் போட்டுப் பார்த்து, நடவடிக்கைகளின் வரிசை மாறுகிறதா என்று சோதியுங்கள். மாறவில்லை என்றால் "எந்த மதிப்பிலும் இதுவே முதலில்" என்று தைரியமாக எழுதலாம். மாறினால் அந்த ஓர் இடத்தில் மட்டும் வேளாண் பல்கலைக்கழகத்தின் உதவியுடன் வயலில் அளக்க நிதி கேளுங்கள். விடை எந்தக் கோப்பை மாற்றும் என்று காட்டிவிட்டால் நிதி கிடைப்பதும் எளிது.

10. ஆணையாக்குவதும் மறுகணக்கும்

ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு தாள்: பொறுப்பான அலுவலரின் பதவி, முதல் ஆண்டில் செய்ய வேண்டியது, செலவு எந்தத் தலைப்பில், எதை அளப்பது. அளப்பது டன்னாக இருக்க வேண்டாம். பிரித்து வந்த ஈரக் குப்பையின் எடை, குழாய் பதித்த ஏக்கர், ஓடிய பேருந்து கிலோமீட்டர் என்று அந்தத் துறையே அன்றாடம் எண்ணக்கூடியதாக இருக்கட்டும். டன்னாக மாற்றுவது உங்கள் வேலை.

ஆண்டுதோறும் மறுகணக்கு போடும்போது, குறைந்த உமிழ்வை மூன்றாகப் பிரியுங்கள்: மின்தொகுப்பு மாறியதால் குறைந்தது, மழையும் சந்தையும் மாறியதால் குறைந்தது, மாவட்டத்தின் செயலால் குறைந்தது. பிரிக்காவிட்டால், மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறக்காத ஓர் ஆண்டில் குறுவை சுருங்கி உமிழ்வு விழும், அதைத் திட்டத்தின் வெற்றி என்று யாராவது மேடையில் பேசிவிடுவார்கள். அந்த ஆண்டில் நஷ்டப்பட்ட விவசாயிகள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

காரணிகளோ முறையோ மாறினால் அடிப்படை ஆண்டையும் சேர்த்துத் திருத்துங்கள். எல்லாக் கோப்புகளையும் தேதியிட்ட பதிப்புகளாக மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். உங்களுக்கு இடமாற்றம் வந்து அடுத்தவர் அந்த நாற்காலியில் உட்காரும்போது, ஒவ்வொரு எண்ணும் எந்தக் கடிதத்திலிருந்து வந்தது என்று யாரையும் கேட்காமலே அவரால் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.